கனோலாவில் பூச்சி: முதலில் எண்ணுங்கள், பிறகு மருந்தை எடுங்கள்

கேள்வி: கனடாவின் சாஸ்காட்செவன் மாகாணத்தில் 160 ஏக்கர் கனோலா (கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிர்) வயலின் பொறுப்பை இந்த ஆண்டுதான் ஏற்றிருக்கிறேன். விதைத்து 19 நாள் ஆகிறது, முளைத்து ஒரு வாரம். விதை நேர்த்தி செய்த விதைதான். ஆனாலும் முளையில் முதலில் விரிந்த விதையிலைகளில் குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டைகள் தெரிகின்றன. விதை மருந்து வேலை செய்யவில்லையா? உடனே தெளிக்க வேண்டுமா? பூக்கும்போது பூஞ்சாண மருந்து அடிக்கப்போகிறோம். அதோடு பூச்சி மருந்தையும் கலந்துவிட்டால் பருவம் முழுவதும் கவலையில்லை என்கிறார்கள். அது சரியா? பூச்சிகளை எப்படி எண்ணுவது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம். ஓட்டைகளைப் பார்த்ததும் தெளிப்பானைக் கிளப்பாமல் கேள்வி கேட்டீர்களே, அதுவே நல்ல தொடக்கம். இப்போது செய்ய வேண்டியது எண்ணிக்கை. தெளிப்பதா இல்லையா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லும். பூக்கும் பருவத்துக் கலவை மருந்து வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் இலைகளில் ஓட்டை போடுவது பெரும்பாலும் தெள்ளுவண்டு. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், கைநிழல் பட்டாலே துள்ளி மறைந்துவிடும். உங்கள் பகுதியில் இரண்டு வகை முக்கியம். ஒன்று நீலப் பளபளப்புள்ள கருவண்டு. மற்றது முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள் நெளிந்தோடும் வரிவண்டு. இரண்டுமே வளர்ந்த வண்டாகக் குளிர்காலத்தை வேலியோர மரங்களின் சருகுக்கடியிலும் புல்வரப்பிலும் கழித்துவிட்டு, வெயில் ஏறியதும் பசியோடு வெளியே வருகின்றன. வரிவண்டு முன்னதாகவே வந்துவிடும். விதை நேர்த்தியில் அதிகம் பயன்படும் நியோனிக்கோட்டினாய்டு மருந்துகளுக்கு அது கருவண்டு அளவுக்கு எளிதில் மடிவதில்லை. ஆகவே எந்த வண்டு அதிகம் என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதை மருந்து தோற்றுப்போனதா என்று கேட்டீர்கள். ஓட்டையை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. அந்த மருந்து வண்டை விரட்டாது. வேர் வழியாக ஏறி இலைக்கு வரும், அந்த இலையைக் கடித்த வண்டுதான் சாகும். எனவே சில கடிகள் விழத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது கடிகள் நாளுக்கு நாள் கூடுகின்றனவா என்பதை. இன்னொன்றைப் பலரும் தவறாகவே கணக்கிடுகிறார்கள். மருந்தின் காவல் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரம் என்பது முளைத்த நாளிலிருந்து அல்ல, விதைத்த நாளிலிருந்து. குளிர்ந்த மண்ணில் விதை பத்துப் பன்னிரண்டு நாள் முடங்கிக் கிடந்தால், அந்த நாட்களும் காவலில் கழிந்துவிடும். உங்களுக்கு 19 நாள் முடிந்திருக்கிறது. அதாவது காவல் மெலியத் தொடங்கும் நேரம், பயிரோ இன்னும் விதையிலையில் நிற்கிறது. அடுத்த பத்து நாளும் தினமும் வயலுக்குப் போங்கள். மண் வறண்டிருந்தால் வேர் மருந்தைக் குறைவாகவே உறிஞ்சும். அந்த ஆண்டில் இன்னும் கவனம் தேவை.

எப்படிப் பார்ப்பது? வண்டுகள் ஓரத்திலிருந்தே நுழையும். வேலியோரத்தில் தொடங்கி, உள்ளே ஐம்பது அறுபது மீட்டர் வரை சென்று, பத்து இடங்களில் பத்துப் பத்துச் செடிகளைப் பாருங்கள். ஓரத்தின் கணக்கையும் நடு வயலின் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொரு செடியிலும் இலைப் பரப்பில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று மதிப்பிட்டு, சராசரி எடுங்கள். இங்கே கண் ஏமாற்றும். ஓட்டை நிறைந்த இலையைப் பார்த்தவுடன் 'பாதி போய்விட்டது' என்று மனம் சொல்லும், அளந்து பார்த்தால் 15 சதவீதம்கூட இருக்காது. ஒரு தாளில் விதையிலையை வரைந்து, அதில் 10, 25, 50 சதவீதம் வரை புள்ளிகளைக் கறுப்பாக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடவடிக்கைக்கான எல்லை 25 சதவீத இலை இழப்பு. பொதுவாக 50 சதவீதம் நெருங்கும்போதுதான் விளைச்சல் உண்மையில் அடிவாங்குகிறது. அப்படியிருக்க ஏன் 25-இலேயே என்றால், வெயில் அடித்து, காற்று அடங்கிய சூடான நாளில் 25 என்பது ஓரிரு நாளில் 50 ஆகிவிடும். நீங்கள் மருந்து வாங்கி, தெளிப்பானைக் கழுவி, காற்று நிற்கக் காத்திருக்கும் அவகாசத்தைத்தான் இந்த இடைவெளி தருகிறது. 25-ஐ எட்டியிருக்க வேண்டும், வண்டுகள் இன்னும் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும், விதையிலைக்குப் பின் புதிதாக வரும் உண்மை இலையும் கடிபட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் தெளிப்பு. பழைய கடி காய்ந்து ஓரம் வெளுத்திருந்து, புது இலை சுத்தமாக இருந்தால் செடி தப்பித்துவிட்டது என்று பொருள். நான்கு உண்மை இலை வந்துவிட்டால் பெரும்பாலும் பயம் நீங்கிவிடும்.

குளிர்ந்த, காற்றடிக்கும் நாட்களில் இலையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அப்போது வண்டுகள் இலையின் அடிப்பக்கத்திலும் தண்டிலும் ஒட்டிக்கொண்டு தின்னும். மேலே இலை நன்றாகத் தெரியும், கீழே தண்டு அரிக்கப்பட்டிருக்கும், அடுத்த காற்றில் செடி ஒடிந்து விழும். தண்டில் கடி பரவலாக இருந்தால் 25 சதவீதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

கூடவே செடிகளின் எண்ணிக்கையையும் எடுங்கள். 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தை வயலில் வீசி, உள்ளே விழும் செடிகளை எண்ணி நான்கால் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு கிடைக்கும். 50 முதல் 80 வரை இருந்தால் நல்ல நிலை. அடர்ந்த வயலில் வண்டுகளின் வாய் பல செடிகளுக்குப் பிரிந்துபோகும். முப்பது நாற்பது செடி மட்டுமே உள்ள வயலில் ஒவ்வொன்றும் முக்கியம், அங்கே முடிவைச் சற்று முன்னதாகவே எடுக்க வேண்டும். பல வேளைகளில் ஓரத்தில் 30 சதவீதமும் நடுவில் 5 சதவீதமுமாக இருக்கும். அப்படியானால் ஓரப் பட்டையை மட்டும் தெளித்தால் போதும். 160 ஏக்கருக்கும் அடிக்காதீர்கள்.

இதே நாட்களில் வெட்டுப்புழுவையும் தேட வேண்டும். அது பெரும்பாலும் தண்டை மண்மட்டத்தில் வெட்டிச் சாய்க்கும். வயலில் திட்டுத் திட்டாக வெற்றிடம் விரியும். முதலில் மேட்டுப் பகுதிகளில், வெயில் விழும் தெற்குச் சரிவுகளில் தெரியும். வெற்றிடத்தின் நடுவில் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது, புழு நகர்ந்திருக்கும். பச்சையும் வாட்டமும் சந்திக்கும் ஓரத்தில் மேல்மண் ஐந்து சென்டிமீட்டரைக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில், தொட்டால் வளைந்து சுருளும் புழு கிடைக்கும். புழு கிடைக்காமல் வெட்டுப்புழு என்று தீர்ப்பு எழுதாதீர்கள். விதைக்கருவி அடைத்துக்கொண்ட வரிசையும் உறைபனி தாக்கிய பள்ளமும் தூரத்தில் இருந்து பார்த்தால் இதே போலத்தான் இருக்கும். 25 முதல் 30 சதவீதச் செடிகள் போனால் தெளிக்கலாம், அதுவும் திட்டுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பட்டையையும் மட்டும். புழு இரவில்தான் மேலே வரும் என்பதால் மாலை மங்கிய பிறகு தெளிக்க வேண்டும். கிடைப்பவை எல்லாம் முழு வளர்ச்சி அடைந்த பெரிய புழுக்கள் என்றால் அவை சீக்கிரமே கூட்டுப்புழு ஆகிவிடும். அந்த நிலையில் மருந்து வீண்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பூஞ்சாண மருந்தோடு பூச்சி மருந்தைக் கலந்துவிடலாமா? தெளிப்பான் எப்படியும் வயலில் இறங்குகிறது, கூடுதல் செலவு மருந்து மட்டும்தானே என்ற கணக்கு கவர்ச்சியானது. ஆனால் பூச்சிகளின் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். தண்டழுகலுக்கான பூஞ்சாண மருந்து 20 முதல் 50 சதவீதம் பூத்திருக்கும்போது விழுகிறது. காய்க் கூன்வண்டுக்கு மருந்து தேவைப்பட்டால் 10 முதல் 20 சதவீதப் பூவிலேயே விழ வேண்டும். லைகஸ் நாவாய்ப்பூச்சிக்கு முடிவெடுக்க வேண்டியது பூ முடிந்து காய் பிடிக்கும்போது. பெர்த்தா படைப்புழு பெரும்பாலும் அதற்கும் பிறகு. நடுவில் அடிக்கும் மருந்து ஒன்றுக்குத் தாமதம், மற்ற இரண்டுக்கும் அவசரம். அந்த நாளில் வயலில் நிறைந்திருப்பது யார் தெரியுமா? தேனீக்களும், புழுக்களுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளும். உங்களுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்பவை அவைதான். அவற்றை அழித்துவிட்டுக் காய்ப்பருவத்துக்குள் நுழைவது, காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். இந்தக் கலவையை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

வைரமுதுகு அந்துப்பூச்சியைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் ஆபத்தாகவே மாறும். உலகில் மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெறுவதில் முன்னணியில் நிற்கும் பூச்சி இது. 1953-இலேயே ஜாவாவில் டிடிடி-க்கு எதிர்ப்பு பெற்றுவிட்டதாகப் பதிவு இருக்கிறது. பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் பல நாடுகளில் மசியாமல் போயிருக்கிறது. கனடாவின் புல்வெளி மாகாணங்களில் இது பெரும்பாலும் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. வசந்தத்தில் தெற்கிலிருந்து காற்றோடு வருகிறது. அதாவது வரும்போதே எதிர்ப்புச் சக்தியோடு வரலாம். பைரித்ராய்டு அடித்து, குளவி செத்து, புழு மட்டும் பிழைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறை தடையின்றிப் பெருகும். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஒரே கோடையில் மூன்று நான்கு தலைமுறைகூட வரும்.

இதை எண்ணும் முறை எளிது. 32 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்று செய்துகொள்ளுங்கள், அது ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் உள்ள செடிகளைப் பிடுங்கி, வெள்ளைத் துணி அல்லது வண்டியின் பின்தட்டில் அடித்து உதறுங்கள். விழும் புழுக்களை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். தொட்டால் பின்னோக்கித் துடித்து, நூலில் தொங்கும் பச்சைப் புழு அதுதான். நூலில் தொங்கிக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். ஓரத்தை விட்டு உள்ளே, குறைந்தது ஐந்து இடம், முடிந்தால் பத்து. இளம்பயிர் முதல் பூக்கும் பருவம் வரை சதுர மீட்டருக்கு 100 முதல் 150, காய்ப்பருவத்தில் 200 முதல் 300 என்பதே எல்லை. புதியவர்கள் பத்திருபது புழுவைப் பார்த்தே பதறுவார்கள். இந்த எண்களைப் பாருங்கள், கனோலா எவ்வளவு தாங்கும் என்பது புரியும். பறக்கும் அந்துகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள், தின்பது புழுதான். எண்ணும்போது கூடுகளையும் பாருங்கள். மெல்லிய வலைக்குள் பச்சைக் கூட்டுப்புழு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிற உருளைக்கூடு தெரிந்தால் அது குளவியின் கூடு. அவை கணிசமாகத் தெரியும் வயலில், எல்லையை ஒட்டிய எண்ணிக்கை வந்தாலும் மூன்று நாள் பொறுத்து மீண்டும் எண்ணுங்கள். ஒரு பலத்த மழையே சின்னப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

கூன்வண்டுக்கும் லைகஸுக்கும் வேண்டியது பூச்சி வலை. 38 சென்டிமீட்டர் வாய் உள்ள வலையை, பயிரின் மேல்பகுதியில் இடமிருந்து வலமாக அரைவட்டமாக வீசுவது ஒரு வீச்சு. பத்து வீச்சு முடிந்ததும் எண்ணுங்கள். இப்படிப் பத்து இடம். இலை நனைந்திருக்கும்போதும் காற்றடிக்கும்போதும் வீசினால் கணக்கு குறைவாகத்தான் வரும். மெதுவாக வீசுவதும் அப்படியே. ஒரே ஆள், ஒரே வேகத்தில் வீசினால்தான் போன வாரக் கணக்கோடு இந்த வாரத்தை ஒப்பிட முடியும்.

காய்க் கூன்வண்டு சாம்பல் நிறம், நீண்ட வளைந்த மூக்கு, தொட்டால் செத்ததுபோல் விழும். தெற்கு ஆல்பர்ட்டாவும் தென்மேற்கு சாஸ்காட்செவனும் அதன் வழக்கமான இடங்கள். உங்கள் வயல் அங்கே என்றால், மொட்டு வெடிக்கத் தொடங்கியதும் வலையை எடுங்கள். பத்து வீச்சுக்கு 25 முதல் 40 என்றால் தெளிக்கலாம். முட்டை காய்க்குள் போன பிறகு எந்த மருந்தும் புழுவைத் தொடாது, அது உள்ளேயே ஐந்து விதை வரை தின்றுவிட்டு ஓட்டை போட்டு வெளியேறும். ஆகவே இதற்கு நாள் தவறினால் தவறியதுதான். பூக்கும் பயிர் என்பதால் தேனீ அடங்கிய மாலையில்தான் தெளிப்பு, பக்கத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு முன்னதாகவே தகவல்.

லைகஸைப் பூ முடியும் தறுவாயிலும் காய் பிடிக்கும்போதும் தேட வேண்டும். முதுகில் முக்கோண அடையாளம் உள்ளது வளர்ந்த பூச்சி. குஞ்சுகளை அசுவினி என்று நினைத்து ஏமாற வாய்ப்புண்டு. அசுவினி கூட்டமாக ஒட்டி நிற்கும், லைகஸ் குஞ்சு வேகமாக ஓடும், வளர்ந்த குஞ்சின் முதுகில் கரும்புள்ளிகள் இருக்கும். பத்து வீச்சுக்கு 20 முதல் 30 என்பது நான் சொல்லும் எல்லை. பழைய அட்டவணைகளில் இதில் பாதிதான் இருக்கும், ஆனால் ஈரம் போதுமான வயலில் கனோலா இழந்த மொட்டுகளை மீண்டும் உண்டாக்கிக்கொள்வதால் எல்லை உயர்த்தப்பட்டது. வறட்சியில் வாடும் பயிருக்குக் குறைந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்த்தா படைப்புழுவை இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்தின் வாசனையால் ஆண் அந்துகளை இழுத்துப் பிடிப்பது) முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஜூன் தொடக்கத்தில் இருந்தே பொறி வைப்பது வழக்கம். பொறியில் அதிகம் விழுந்தால் வயலைத் தேடுங்கள் என்று அர்த்தம், மருந்தடியுங்கள் என்று அர்த்தம் அல்ல. புழு இளமையில் பச்சையாக இருக்கும், வளர்ந்ததும் பல புழுக்கள் வெல்வெட் கறுப்பாகி, பக்கத்தில் மஞ்சள் பட்டை தெரியும். கடைசிப் பருவத்தில்தான் பெருந்தீனி, இலை தீர்ந்ததும் காயின் தோலைச் சுரண்டும். கால் சதுர மீட்டர் வளையத்துக்குள் செடிகளை உலுக்கி, தரையில் விழுந்ததோடு மண்கட்டிகளுக்கு அடியிலும் சருகுக்குள்ளும் தேடி எண்ண வேண்டும். பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும், காலையிலோ அந்தியிலோ போனால் மேலேயே கிடைக்கும். ஐம்பது மீட்டர் இடைவெளியில் பத்து இடம் பாருங்கள், ஏனென்றால் இது ஒரே சீராகப் பரவாது.

இதன் எல்லையை உங்கள் கணக்கே தரும். சதுர மீட்டருக்கு ஒரு புழு, ஏக்கருக்கு 0.058 புஷல் (கனோலாவில் ஒரு புஷல் ஏறத்தாழ 22.7 கிலோ) விளைச்சலைத் தின்கிறது. ஏக்கருக்கான தெளிப்புச் செலவை, 0.058-உம் புஷல் விலையும் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். செலவு 12 டாலர், விலை 10 டாலர் என்று வைத்தால் விடை ஏறத்தாழ 21 புழு. விலை 15 ஆனால் 14 புழுவிலேயே தெளிப்பு லாபம்.

தெளிக்க நேர்ந்தால் கவனிக்க வேண்டியவை. பைரித்ராய்டு மருந்துகள் 25 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், எனவே நண்பகலைத் தவிருங்கள். அடர்ந்த காய்ப்பயிரில் மருந்து கீழே இறங்க, தண்ணீர் அளவைக் குறைக்காமல் மருந்தின் விவரச்சீட்டில் சொன்ன உச்ச அளவை வையுங்கள். தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் மருந்துக்கு மருந்து மாறும். சீட்டைப் படித்துவிட்டே வாங்குங்கள். புழுக்களுக்கு மட்டும் என்றால் குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றவை குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் ஊறு குறைவு. வைரமுதுகுப் புழுவுக்கு ஒரே வகை மருந்தை அடுத்தடுத்து அடிக்கவே கூடாது.

ஒரு தெளிப்பான் அகலத்துக்கு ஒரு பட்டையை மருந்தில்லாமல் விட்டுவையுங்கள். மூன்று நாள் கழித்துத் தெளித்த இடத்திலும் விட்ட பட்டையிலும் ஒரே முறையில் எண்ணுங்கள். இரண்டிலும் பூச்சி சம அளவில் குறைந்திருந்தால், குறைத்தது மழையோ குளவியோதான், உங்கள் மருந்து அல்ல. தெளித்த பக்கமும் விட்ட பட்டையைப் போலவே குறையாமல் நின்றால் எதிர்ப்புச் சக்தியைச் சந்தேகியுங்கள், அளவைக் கூட்டாமல் மருந்தின் வகையை மாற்றுங்கள்.

இன்று மாலையே தொடங்குங்கள்: வளையம், சதவீதப் படம் வரைந்த தாள், ஒரு குறிப்பேடு. நாள், இடம், இலை எண்ணிக்கை, ஓரத்தின் சதவீதம், நடுவின் சதவீதம், எந்த வண்டு, வெப்பநிலை ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். நாளை அதே இடங்களில் மீண்டும் பாருங்கள். இரண்டு நாள் சதவீதங்களுக்கு இடையே பத்துக்கு மேல் தாவினால், சராசரி இருபது சதவீதம்தான் என்றாலும் தெளிப்பானைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.